பேனல் போகவில்லை, லைட்டுதான் போயிருந்தது: வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு டிவி பழுதுபார்க்கும் கடை

தோட்டப்பாளையத்தில் எங்கள் குடும்பம் நடத்தும் விடுதியில் 14 அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் 32 அங்குல எல்.இ.டி. டிவி ஒன்று இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணையாக வருகிறவர்களும்தான் எங்களிடம் தங்குகிறார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, பரிசோதனை முடிவுக்கும் அறுவை சிகிச்சைத் தேதிக்கும் வாரக்கணக்கில் காத்திருக்கிற அவர்களுக்கு டிவியை விட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை என்பதால், காலை ஆறு மணிக்கு ஓடத் தொடங்கும் பெட்டி நள்ளிரவில்தான் ஓயும். வீட்டில் ஆறேழு ஆண்டு உழைக்கிற பெட்டி எங்களிடம் இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே களைத்துவிடுகிறது. டிவி பழுதுபார்ப்பவர்களைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூடுதல் தகுதி உண்டென்றால் அது இப்படி வந்ததுதான்.

சென்ற ஆண்டு கோடையில் ஆறாம் எண் அறையின் பெட்டியில் சத்தம் கேட்டது, படம் வரவில்லை. போட்டவுடன் திரை ஒரு நொடி பளிச்சென்று ஒளிர்ந்து, உடனே இருண்டுவிடும். செய்தி வாசிப்பவரின் குரல் மட்டும் இருட்டுக்குள்ளிருந்து தொடரும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் முறைப்படி செய்வோம் என்று, பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்கே தகவல் சொன்னேன். வந்தவர் பின்மூடியைக் கழற்றவே இல்லை. ரிமோட்டை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, பேனல், அதாவது திரையே போய்விட்டது, மாற்ற 9,800 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்து, வந்துபோன கட்டணமாக 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். புதிய பெட்டியே 11,500 ரூபாய்க்குக் கிடைக்கும்போது யார் 9,800 கொடுத்துப் பேனல் மாற்றுவார்கள்? மாற்ற மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும் என்றே எனக்குப் பட்டது.

எங்கள் விடுதியில் மின்வேலை பார்க்கும் பையன் சொல்லித்தான் சைதாப்பேட்டைக் கடைக்குப் போனேன். சென்னைச் சைதாப்பேட்டை அல்ல, நம்மூர்ச் சைதாப்பேட்டை. இரண்டு ஆள் அகலமுள்ள கடை. சுவரோரம் உடைந்த பேனல்கள் வாழைக்குலைக் கடையில் சாத்திவைத்தது போல் வரிசையாக நிற்கின்றன. உரிமையாளரைத் தெருவே 'பாய்' என்றுதான் அழைக்கிறது. நானும் அப்படியே அழைக்கிறேன். அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்த காலத்தில், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் குழாய்ப் பெட்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர் அவர்.

பாய் முதலில் செய்தது, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கியதுதான். உள்ளே இருட்டியதும் பெட்டியைப் போட்டு, கைபேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்து, "கிட்ட வந்து பாருங்கண்ணா" என்றார். கறுப்புத் திரைக்குள், டார்ச் விழுந்த உள்ளங்கை அளவு வட்டத்தில் மட்டும், சாம்பலால் வரைந்தது போல ஒரு முகம் தெரிந்தது. அதன் உதடுகள் அசைந்தன. "பேனல் நல்லாகீதுண்ணா, பின்னாடி லைட்டுதான் போயிருக்கு" என்று அவர் சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 450 ரூபாய் வாங்கியவரிடமும் கைபேசி இருந்தது. அதிலும் டார்ச் இருந்திருக்கும்.

நாம் எல்.இ.டி. டிவி என்று சொன்னாலும், இந்த விலையில் கிடைக்கும் பெட்டிகளின் திரை உண்மையில் எல்.சி.டி. திரைதான். அந்தத் திரை தானாக ஒளி விடாது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் புள்ளி புள்ளியாக மறைத்தும் விட்டும் படத்தை உண்டாக்குகிறது. பின்னால் வரிசையாகப் பதித்திருக்கும் சிறு எல்.இ.டி. விளக்குகள் அணைந்துவிட்டால், படம் திரையில் இருந்தபடியேதான் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அந்த விளக்குகளின் வேலையை ஒரு கணம் செய்துகாட்டுகிறது, அவ்வளவுதான். எந்த வீட்டிலும் எவரும் செய்துபார்க்கக்கூடிய இந்தச் சோதனைக்குப் பின்மூடியைக் கழற்ற வேண்டியதே இல்லை. கழற்றவும் கூடாது, ஏனெனில் பவர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் நிற்கும்.

பெட்டியைப் பிரிப்பதை உட்கார்ந்து பார்க்கச் சொன்னார். முன்விளிம்பை எடுத்த பிறகு, பேனலை ஓர் ஓரமாகத் தூக்கினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பதற்காக, அவரும் உதவியாளரும் எதிரெதிரே நின்று, உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணங்களால் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய பட்டைகளில் விரல் படாமல் பார்த்துக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று கிழிந்தாலும் பேனல் குப்பைதான். அதற்கடுத்து வெள்ளைத் தாள்கள் மூன்று. அவற்றின் வரிசையும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் மாறிவிடாமலிருக்க, மூலையில் ஒரு சிறு பேனாக் குறி. தாள்களை எடுத்ததும் மூன்று ஸ்ட்ரிப்கள் தெரிந்தன; ஒன்றுக்கு ஆறு விளக்குகள், மொத்தம் 18. ஒவ்வொன்றின் மேலும் தொப்பி போல ஒரு லென்ஸ். சோதனைக் கருவியின் இரு முனைகளையும் ஒவ்வொரு விளக்காக வைத்துக்கொண்டே வந்தார். பதினேழு எரிந்தன. நடு ஸ்ட்ரிப்பின் நான்காவது விளக்கு எரியவில்லை. லென்ஸைப் பெயர்த்தபோது அதன் அடியில் கடுகளவு கறுப்புப் பொட்டு ஒன்று இருந்தது.

ஒரு விளக்கு போனதற்கு மீதிப் பதினேழும் ஏன் அணைய வேண்டும் என்று கேட்டேன். திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் விளக்குச் சரத்தைப் போல இவையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை; விளக்குக்கு 3 வோல்ட் வீதம் 18 விளக்குக்கும் சேர்த்து 54 வோல்ட் போகிறது. சரம் ஓரிடத்தில் அறுந்தால் மின்னோட்டம் நின்றுவிடும். அறுந்தும் அறுபடாமலும் இருக்கிற நிலையில், போட்டவுடன் ஒரு நொடி எரியும். பிறகு ஓட்டம் சரியில்லை என்று, விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் தானே நிறுத்திக்கொள்ளும். ஆறாம் எண் அறையில் நான் பார்த்த அந்த ஒரு நொடி வெளிச்சத்துக்கு இதுதான் காரணம்.

அந்த ஒரு விளக்கை மட்டும் மாற்றினால் 300 ரூபாயில் முடித்துவிடலாம், ஆனால் மற்றவையும் அதே வயதுடையவை, மூன்று மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். மூன்று ஸ்ட்ரிப்களையும் மாற்றக் கூலியோடு 1,600 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். இதோடு அவர் செய்த இன்னொரு வேலைதான் என்னை இந்தக் கடைக்கே கட்டிப்போட்டது. விளக்குகளுக்குப் போகும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் சிறு ரெசிஸ்டர்கள் போர்டில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்தார். படத்தின் வெளிச்சம் சற்றே குறைந்தது. அருகில் வேறு பெட்டியை வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். எல்.இ.டி.யைக் கொல்வது சூடு. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற இந்த ஊரில், ஏ.சி. இல்லாத அறையில், சுவரோடு ஒட்டி மாட்டிய பெட்டிக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது பேக்லைட் என்கிற பின்வெளிச்சத்தின் அளவு பெரும்பாலும் 100இலேயே இருக்கும். அதை 50 அல்லது 60க்கு இறக்கிவைக்கச் சொன்னார். மறுநாளே 14 அறைகளிலும் இறக்கிவைத்தேன். யாரும் குறை சொல்லவில்லை.

அதன் பிறகு ஒன்பது பெட்டிகள் அங்கே போய்வந்துவிட்டன. ஒன்றில் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது, பெட்டி ஆன் ஆகவில்லை. பவர் போர்டில் தலை உப்பிய இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றி 350 ரூபாய் வாங்கினார். இன்னொன்று நிறுவனத்தின் பெயரைக் காட்டியபடியே உறைந்து நின்றது. அதற்கு மெமரியில் சாஃப்ட்வேரைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. போர்டின் எண்ணுக்கும் பேனலுக்கும் பொருந்தாத கோப்பை ஏற்றினால் படம் தலைகீழாகக்கூட வரும் என்று சொன்னவர், முதல் முறை அப்படியே வரவழைத்தும் காட்டினார். வேண்டுமென்று செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

கோடை இடியில் ஒரே இரவில் மூன்று பெட்டிகள் போன கதை தனி. மூன்றுக்கும் ஸ்டெபிலைசர் இருந்தது. இடி மின்கம்பி வழியாக வராமல், கேபிள் ஒயர் வழியாக செட்-டாப் பாக்ஸுக்குள் இறங்கி, எச்.டி.எம்.ஐ. ஒயரைப் பிடித்துக்கொண்டு மெயின் போர்டை எரித்திருந்தது. பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, அந்த ஒயர்களையும் பிடுங்க வேண்டும் என்பது எனக்கு மூன்று மெயின் போர்டுகளின் விலையில் தெரியவந்தது.

ஒரு பெட்டியை அவர் தொடவே மறுத்தார். திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. மேல் விளிம்பை விரலால் மெல்ல அழுத்தினால் மறையும், விட்டால் வரும். பேனலோடு பட்டை ஒட்டியிருக்கும் இடம் விட்டுப்போயிருக்கிறது, அதை ஒட்டும் மெஷின் தன்னிடம் இல்லை, சென்னைக்கு அனுப்பினாலும் எத்தனை நாள் நிற்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். கோட்டோடு பார்க்க முடிகிற வரை பார்த்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, காசு வாங்காமல் திருப்பி அனுப்பினார். பச்சைக் கோட்டோடு அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வரவேற்பறையில் ஓடுகிறது.

குறைகளும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. இரண்டு நாள் என்று அவர் சொன்னால் ஆறு நாள் என்று கணக்கிடுங்கள். தொலைபேசியை எடுக்க மாட்டார். கேட்டால்தான் பில், அதுவும் துண்டுச்சீட்டு. விடுதிக் கணக்கில் அதைக் காட்ட முடியாமல் எங்கள் ஆடிட்டரிடம் நான் ஏச்சு வாங்கியிருக்கிறேன். தூசி புகாத தனியறை எதுவும் இல்லை, தெருவோரம் உட்கார்ந்துதான் பேனலைப் பிரிக்கிறார். ஒரு பெட்டியில் தாளுக்கும் பேனலுக்கும் இடையில் ஒரு கொசு அடைபட்டு வந்தது. கிரிக்கெட் மைதானத்தின் நடுவில் அது பெரிதாகத் தெரிந்தது. மறுபடி பிரித்து எடுத்துக்கொடுத்தார், காசு கேட்கவில்லை. ஆனால் அதற்கு நான்கு நாள். ஸ்ட்ரிப்களுக்கு மூன்று மாதம் பொறுப்பேற்கிறார். ஒன்று இரண்டாம் மாதமே போனபோது சொன்னபடி மாற்றிக்கொடுத்தார். சாஃப்ட்வேர் வேலைக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். 43 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டி என்றால், உதவியாளர் வராத நாளில் பேனலைப் பிரிக்க மாட்டார். வேறு நாள் வரச் சொல்வார். அதைக் குறையென்று நான் சொல்ல மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டியை ஆட்டோவில் படுக்கவைக்காமல், நிமிர்த்தி, திரைப்பக்கம் ஒரு தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடை அடைத்திருக்கும். ரிமோட்டை மறக்காதீர்கள், அது இல்லாமல் அவரால் பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது. சுவரில் மாட்டும் இரும்புச் சட்டத்தையும் அதன் ஸ்குரூக்களையும் வீட்டிலேயே கழற்றிவைத்துவிடுங்கள். அந்தக் கடையின் தரையில் விழுந்த ஸ்குரூ திரும்பிக் கிடைத்ததாக வரலாறு இல்லை; எங்கள் ஒன்பதாம் எண் அறையின் பெட்டி நான்குக்குப் பதில் இரண்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.