எட்டோஷா: குட்டைக்கரையில் காத்திருப்பவருக்கான சஃபாரி

நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, வண்டியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது. கென்யாவின் மாசாய் மாராவில் டிரைவர்கள் ரேடியோவில் பேசி, சிங்கம் படுத்திருக்கும் இடத்துக்கு விரைவார்கள். அந்தப் புல்வெளியில் அது பலிக்கும். எட்டோஷா வறண்ட நிலம். மே முதல் செப்டம்பர் வரை இங்கே மழை அநேகமாகக் கிடையாது. தண்ணீர் நிற்கும் குட்டைகளை விரல்விட்டு எண்ணி வரைபடத்தில் குறித்துவிடலாம். சிங்கமானாலும் சிறு மானானாலும் ஏதோ ஒரு நேரத்தில் அங்கே வந்தாக வேண்டும். நாம் போய் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார வேண்டிய இடமும் அதுதான். இதைப் புரிந்துகொண்டு மூன்று நாள் தங்குகிறவர் பார்ப்பதில் பாதியைக்கூட, ஒரு வாரம் சுற்றியலைபவர் பார்ப்பதில்லை.

பூங்காவின் பரப்பு சுமார் 22,270 சதுர கி.மீ. அதில் 4,800 சதுர கி.மீ. வரை வெறும் உப்புப் படுகை. வெள்ளைத் தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் அடிவானம் வரை ஒரு செடி இல்லாமல் கிடக்கும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மட்டும் முழங்கால் ஆழத்துக்கும் குறைவாகத் தண்ணீர் நின்று, பூநாரைகள் வந்து இறங்கும். சுற்றுலாச் சாலைகளும் குட்டைகளும் பெரும்பாலும் இந்தப் படுகையின் தெற்கு ஓரத்தில்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எருமையும் நீர்யானையும் இங்கே இல்லை. ‘பிக் ஃபைவ்’ எனப்படும் சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஐந்தையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்பவர்கள் தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவுக்குப் போவது நல்லது. கறுப்புக் காண்டாமிருகத்தைச் சாவகாசமாகப் பார்க்க வேண்டும் என்றால் எட்டோஷாவை விட்டு வேறெங்கும் போக வேண்டாம்.

அதற்கான இடம் ஒகாகுவேயோ முகாம். அங்குள்ள குட்டை வேலிக்கு வெளியே. பார்வையாளர்கள் இருப்பது உள்ளே. நடுவில் இடுப்பளவு கல் சுவர், அதன் பின்னே பெஞ்சுகள். இரவெல்லாம் விளக்கு எரியும். முகாமில் தங்கியிருப்பவர் எந்த நேரமும் வந்து உட்காரலாம், தனிக் கட்டணம் கிடையாது. பகலில் வரிக்குதிரையும் ஸ்பிரிங்பாக் மானும் கூட்டம் கூட்டமாக வந்து கலைக்கும் தண்ணீர், இருட்டிய பிறகு கண்ணாடிபோல் அசையாமல் நிற்கும். பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல் காண்டாமிருகம் வரும். முதலில் காதில் விழுவது சரளைக் கற்களில் குளம்பு உரசும் ஓசை. விளக்கு வெளிச்சத்தின் எல்லையில் வந்து நின்று, இரண்டு காதுகளையும் தனித்தனியே திருப்பும். பார்வை மந்தம் என்பதால் காதையும் மூக்கையும் நம்பித்தான் அடுத்த அடி. பிறகு இறங்கி, மேல் உதட்டின் கொக்கி நுனியைத் தண்ணீரில் வைக்கும்போது, தலைகீழாக இன்னொரு காண்டாமிருகம் நீரில் தெளிவாகத் தெரியும். புதரில் தனியாகவே திரியும் விலங்கு என்று படித்திருப்போம். இங்கே இரண்டு மூன்று சேர்ந்து வந்து, மூக்கோடு மூக்கு வைத்துச் சீறி, இடம் பிரித்துக்கொள்வதைப் பார்க்கலாம். யானைக் கூட்டம் வந்துவிட்டால் காண்டாமிருகம் பின்வாங்கும். சில நேரம் பின்வாங்காது. அந்தப் பத்து நிமிடத்துக்காக எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் தகும்.

இந்தக் கல் சுவரருகே பேச்சு கூடாது, ஃபிளாஷ் கூடாது. போட்டோவுக்கு ஐஎஸ்ஓ 3200 முதல் 6400, ஷட்டர் 1/30 முதல் 1/60. குடிக்கும் காண்டாமிருகம் அசையாது என்பதால் இந்த வேகம் போதும். ஆனால் கை நடுங்கக் கூடாது. முக்காலியைவிட, கேமராவைத் தாங்கச் சுவர்மேல் வைக்கும் பீன் பேக் வசதி. பையைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பினால் விமானத்தில் எடை மிச்சம். ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பநிலை 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஜெர்கினும் குல்லாவும் இல்லாமல் வந்தவர்கள் ஒன்பது மணிக்கே எழுந்து போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சிங்கங்கள் வரத் தொடங்கும்.

காண்டாமிருகத்தின் படத்தைப் பதிவிடும்போது இடமும் நேரமும் போடாதீர்கள். போனில் லொக்கேஷனை அணைத்துவிட்டே படம் எடுங்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்களுக்கு அந்தக் குறிப்பு ஒன்றே போதும்.

பகல் குட்டைகளில் நல்லவை என்றால்: ஒகாகுவேயோவிலிருந்து சில கி.மீ. தூரத்திலேயே நெப்ரௌனி, யானைக்கு. வடக்கே படுகையின் விளிம்பில் ஒகோண்டெக்கா, விடியற்காலைச் சிங்கத்துக்கு. ஹலாலி முகாமுக்கு மேற்கே ரீட்ஃபொன்டெய்ன். பெரிய இயற்கை ஊற்று, எல்லாமே வரும், பொறுமை இருந்தால் சிறுத்தையும். நமுட்டோனி முகாம் பக்கம் சுடோப், கிளைன் நமுட்டோனி இரண்டும் ஒட்டகச்சிவிங்கிக்கு. நமுட்டோனியைச் சுற்றிய முட்புதர்களில் முயலைவிடச் சற்றே பெரிய டிக்-டிக் மான் நிற்கும், இருபது கி.மீ. வேகத்துக்கு மேல் போனால் கண்ணில் படாது.

குட்டைக்குப் போனதும் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம். எதுவும் இல்லை என்று ஐந்தாவது நிமிடம் கிளம்புகிற வண்டிகளே அதிகம். ஒட்டகச்சிவிங்கி தூரத்தில் நின்று இருபது நிமிடம் சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் முன்னங்கால்களை அகட்டிக் குனியும். குனிந்த நிலையில் அதால் உடனே ஓட முடியாது. அந்தப் பயம்தான் தாமதத்துக்குக் காரணம். வரிக்குதிரைகள் தண்ணீருக்குப் பத்தடி முன்னால் வந்து நின்று, குடிக்காமல் ஒரே திசையைப் பார்த்தால், அந்தத் திசையில் உள்ள புதரின் நிழலை பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவுங்கள். அங்கே சிங்கத்தின் காது நுனி தெரியலாம்.

யானை விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் ஒழுகினால் மதம் என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. ஆசிய ஆண் யானைக்கு அது சரி. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் கன்றுக்கும்கூட, பரபரப்பு ஏற்பட்டால் கன்னத்தில் நீர் வடியும். அதை மட்டும் வைத்து மதம் என்று முடிவுகட்ட முடியாது. தனியாக வரும் பெரிய ஆண், பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டிச் சொட்டி நனைந்திருக்க, தலையை உயர்த்தி வேகமாக நடந்து வந்தால் அதுதான் மதம். உடனே வழியை விட்டு விலகுங்கள். சாதாரண நாளிலும், யானைகள் தண்ணீருக்கு வரும் தடத்தின்மேல் வண்டியை நிறுத்தக் கூடாது. தடம் தரையில் வெள்ளையாகத் தேய்ந்து தெரியும். நீங்கள் முன்னோக்கிக் கிளம்பும் வழியும் திறந்திருக்க வேண்டும். பின்பக்கமாக ரிவர்ஸ் எடுத்துத் தப்பிக்கலாம் என்று நினைத்தால், பின்னால் இன்னொரு வண்டி நிற்கும். எட்டோஷா யானைகள் சுண்ணாம்புச் சேற்றில் புரண்டு வெள்ளை வெளேரென்று இருப்பது முதல் முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். உருவம் பெரிது, தந்தம் மட்டும் குட்டையாகவும் உடைந்தும் இருக்கும். தீவனத்தில் தாதுச்சத்துக் குறைவு என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம்.

முக்கிய முகாம்கள் மூன்றுக்கும் தனித்தனி குணம். ஒகாகுவேயோவில் குட்டையைப் பார்த்த அறைகள் விலை அதிகம். மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம், கூடார இடம் எடுத்தவரும் அதே கல் சுவரில்தான் உட்காருகிறார். கூட்டமும் சத்தமும் அங்கே அதிகம் என்பது குறை. கிழக்கே 70 கி.மீ. தள்ளி ஹலாலி. வேட்டை முடிந்தது என்று கொம்பு ஊதி அறிவிக்கும் ஜெர்மானிய வழக்கிலிருந்து வந்த பெயர். அதன் குட்டைக்கு மோரிங்கா என்று பெயர். பக்கத்துக் குன்றில் வளரும் மரம் நம்ம முருங்கையின் பங்காளி, அடிமரம் பருத்த ஆப்பிரிக்க இனம். மோரிங்கா என்ற பேரினப் பெயரே முருங்கை என்ற நம் சொல்லிலிருந்து போனதுதான். பாறைமேல் படிபோல அமைந்த இருக்கைகளிலிருந்து கீழே பார்க்கலாம். கூட்டம் குறைவு, இருட்டு அதிகம், கழுதைப்புலியையும் காண்டாமிருகத்தையும் நம்பி வரலாம். அமைதி வேண்டுபவருக்கு எங்கள் தேர்வு இதுதான். நமுட்டோனியில் வெள்ளை ஜெர்மானியக் கோட்டை உண்டு. 1904-இல் நெஹாலே மன்னரின் ஒண்டொங்கா வீரர்கள் தாக்கி அழித்த பிறகு மீண்டும் கட்டியது. முகாமின் சொந்தக் குட்டையில் நாணல் மண்டியிருப்பதால் இரவுக் காட்சி சுமார்தான். சுற்றியுள்ள பகல் குட்டைகளுக்காக ஓர் இரவு போதும்.

இரண்டு இரவு ஒகாகுவேயோ, ஒன்று அல்லது இரண்டு ஹலாலி, ஒன்று நமுட்டோனி. மேற்கிலிருந்து கிழக்காகவோ, திருப்பியோ. ஒரே முகாமில் தங்கி மற்ற இரண்டையும் பகலில் பார்க்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் 140 கி.மீ. போய் அதே 140 திரும்பி வருவதிலேயே நாளைக் கழிப்பார்கள். பூங்காவுக்குள் உச்ச வேகம் 60. முகாம் வாசல் சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடும். நேரத்தை வாசல் பலகையில் மாற்றி மாற்றி எழுதிவைப்பார்கள். ஜூனில் காலை ஏழரையை ஒட்டித்தான் திறப்பு. மாலை தாமதித்தால் அபராதம். கடைசிக் குட்டையிலிருந்து முகாமுக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டு, யானை வழிமறிக்கும் என்று அதோடு அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து ஒகாகுவேயோ சுமார் 435 கி.மீ., ஓச்சிவரோங்கோ, ஊச்சோ வழியாக முழுக்கத் தார் சாலை. வண்டி ஓட்டுவது இடப்பக்கம், நம் ஊர்போல. பூங்காவுக்குள் சரளை. சாதாரண கார் போகும், ஆனால் உயரமான வண்டியிலிருந்து புதருக்கு மேலே பார்க்கலாம். கூடுதல் வாடகை அதற்கே தகும். தார் சாலைக்கு டயரில் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ வைத்திருந்தால் சரளையில் 26 வரை இறக்குங்கள். குலுங்கலும் குறையும், பஞ்சரும் குறையும். திரும்பத் தார் ஏறுமுன் காற்று நிரப்ப மறக்கக் கூடாது. இரண்டு ஸ்டெப்னி கேளுங்கள். காப்பீட்டில் டயரும் கண்ணாடியும் பல நேரம் தனி. கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வேலியிட்ட கழிப்பிடம், முகாம் தவிர எங்கும் வண்டியை விட்டு இறங்கத் தடை என்பதால், பஞ்சரானால் மெதுவாக உருட்டி வேலிக்குள் போய் மாற்றுவதே சரி. அந்தக் கழிப்பிடங்களின் சுத்தம் மோசம், தண்ணீரும் டிஷ்யூவும் கையில் வேண்டும். முகாம்களில் பெட்ரோல் பங்க் உண்டு. சில நாள் இருப்பு தீர்ந்திருக்கும், ஊச்சோவிலோ ட்சுமெப்பிலோ டேங்கை நிரப்பிவிட்டே நுழையுங்கள்.

சாப்பாடு முகாம் ரெஸ்டாரெண்டுகளில் இறைச்சியைச் சுற்றியே நடக்கும். சைவம் என்றால் உருளைக்கிழங்கு, பாஸ்தா, சாலட். சின்ன கேஸ் அடுப்பும் ஒரு பாத்திரமும் சில வாடகை வண்டிகளோடு கிடைக்கும். ஓச்சிவரோங்கோ சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிவிட்டால் கவலை இல்லை. கூடாரத்தில் தங்குபவர்கள் இரவில் செருப்பைக்கூட வெளியே விடக் கூடாது, நரி தூக்கிப் போகும். ஹலாலியில் தேன்வளைக்கரடிகள் (ஹனி பேட்ஜர்) குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். அழகாக இருக்கிறதே என்று கிட்டே போகாதீர்கள், கடி பலம்.

பருவம் ஆகஸ்ட் முதல் அக்டோபர். தண்ணீர் குறையக் குறையக் கூட்டம் குட்டைகளில் அடர்த்தியாகும். அக்டோபரில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை காடெங்கும் தேங்கிய நீர், குட்டைக்கு விலங்குகள் அதிகம் வராது. பறவை பார்ப்பவருக்கும் குட்டிகளைப் பார்ப்பவருக்கும் நல்ல காலம், மலேரியா அபாயமும் அப்போதுதான் அதிகம். டாக்டரிடம் மாத்திரை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2025 செப்டம்பரில் பெருந்தீ பூங்காவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கருக்கியது. எந்தெந்தச் சாலைகள் திறந்திருக்கின்றன என்பதை நுழையும்போது வாசலிலேயே கேளுங்கள்.

நுழைவுக் கட்டணம் நாள் கணக்கில், ஆளுக்கும் வண்டிக்கும் தனித்தனி, அவ்வப்போது உயரும். தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டும் செல்லும். பிளாஸ்டிக் பை பூங்காவுக்குள் தடை. வெளியேறும்போது வாசலில் வண்டியைச் சோதிப்பார்கள். கோமாரி நோய் தெற்கே பரவாமல் இருக்க, பச்சை இறைச்சியை வெளியே விட மாட்டார்கள். மிச்சமிருந்தால் கடைசி இரவே முகாமில் சுட்டுவிடுங்கள், வெந்ததற்குத் தடை இல்லை.