வார்ஃபரின் அளவு: எல்லாருக்கும் ஒன்றா, மரபணுச் சமன்பாடா, நோயாளியின் சொந்த ஐஎன்ஆரா?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஒருவருக்குத் தினம் 2 மில்லிகிராம் போதும், அதே வயதும் எடையும் உள்ள இன்னொருவருக்கு 10 கொடுத்தாலும் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் சோதனை எண்) ஏற மாட்டேன் என்கிறது. பெரும்பாலானோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்க வேண்டும்; மீறினால் ரத்தக்கசிவு, குறைந்தால் ரத்தக்கட்டி.

எல்லாருக்கும் 5-இல் தொடங்குவது சுலபம்தான், ஆனால் இந்த இருவருக்குமே அது தப்பான அளவு. சரி, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்துப் பார்க்கலாமே என்றால் அதிலும் வம்பு இருக்கிறது. 1988-இல் வந்த ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 மாரடைப்பு நோயாளிகள். ஆஸ்பிரின் உயிர் காத்தது தெளிவாகத் தெரிந்தது, ஆனால் பிறந்த தேதிப்படி ராசி பிரித்ததும் மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் பலனே இல்லை என்று வந்தது! குழு பிரிப்பதன் ஆபத்தைக் காட்டத்தான் ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள்.

அடுத்தது மரபணுச் சமன்பாடு. வயது, எடையோடு சிஒய்பி2சி9 (மருந்தை உடம்பு சிதைக்கும் வேகத்தை மாற்றுவது), விகேஓஆர்சி1 (மருந்துக்கு உடம்பு எவ்வளவு இசையும் என்பதை மாற்றுவது) மரபணுக்களையும் சேர்த்துக் கணக்கிடுவது. 2013-இல் வந்த இரண்டு பரிசோதனைகள் எதிரெதிராகப் பேசின. யூ-பேக்ட்டில் ஐஎன்ஆர் சரியான எல்லைக்குள் இருந்த நேரம் மரபணுக் குழுவுக்கு 67.4%, வழக்கமான அளவுக்கு 60.3%. கோக் பரிசோதனையில் 45.2-க்கு 45.4, வித்தியாசமே இல்லை. காரணம் பெரும்பாலும் எதிரே நிறுத்திய போட்டியாளர்தான்: கோக்கில் அது வயது, எடை எல்லாம் பார்க்கும் இன்னொரு சமன்பாடு. எனக்கு உறுத்துவது வேறு. அதே கோக்கில் கறுப்பின நோயாளிகளுக்கு மரபணுக் கணக்கு இன்னும் மோசமாகப் போனது, அவர்களிடம் பரவலாக உள்ள மரபணு மாற்றங்கள் அந்தச் சமன்பாட்டிலேயே இல்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு, அதாவது கலப்பு விளைவு மாதிரியும் (எல்லாருக்குமான சராசரியையும் ஒவ்வொருவரும் அதிலிருந்து விலகுவதையும் சேர்த்துப் பார்ப்பது) பேய்சியக் கணக்கும் (புதுத் தகவல் வர வர மதிப்பீட்டைத் திருத்துவது). 1969-லேயே மருந்தியல் ஆய்வாளர் லூயிஸ் ஷெய்னர் வார்ஃபரின் அளவைக் கணக்கிடக் கணினியைக் கொண்டுவந்துவிட்டார். இந்த மாதிரி முதலில் சராசரியில் நிற்கும், அப்புறம் ஒவ்வொரு ஐஎன்ஆர் வரும்போதும் அந்த ஆளை நோக்கி நகரும். நான்காம் நாள் 2.8 வந்தால் நாம் நிம்மதியாகிவிடுவோம். மாதிரியோ, ரத்தம் உறைய உதவும் புரதங்களில் காரணி 7 சீக்கிரம் குறைந்துவிடும், காரணி 2 மெதுவாகத்தான் குறையும், ஆகவே ஏற்றம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று கணக்குப் போட்டு இன்றே அளவைக் குறைக்கச் சொல்லும். மரபணுத் தகவல் இருந்தால் தொடக்கப்புள்ளியாக அதையும் கொடுக்கலாம்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு நாள் மாத்திரை போடாததை நோயாளி சொல்லவில்லை என்றால், இவர் உடம்புக்கு மருந்து ஏறவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடும்.