யூகானா, நுனாவுட்டா? வடகோடியில் தங்கம் தேடுபவரின் கணக்கு

கனடாவின் வடக்கில் தங்கம் தேடப் பணம் ஒதுக்கும் எந்தக் கம்பெனியும் முதலில் ஒரு திசையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மேற்கே போனால் அலாஸ்காவை ஒட்டிய யூகான். கிழக்கே போனால் ஹட்சன் விரிகுடாவின் கரையிலிருந்து ஆர்க்டிக் தீவுகள்வரை பரந்து கிடக்கும் நுனாவுட். யூகானில் சுமார் 45,000 பேர், நுனாவுட்டில் ஏறக்குறைய 40,000 பேர். நம் ஊர்ச் சின்ன நகராட்சி ஒன்றில் அடங்கிவிடுவார்கள். இரண்டிலும் கடுங்குளிர், இரண்டிலும் தூரம். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

உள்ளே போனால் எல்லாமே வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கம் இருக்கும் தடத்தைக் கண்டுபிடிப்பது யூகானில் சுலபம். பாறைக்குள் இருக்கும் தங்கத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்துக் காசாக்குவது, சமீப காலத்தில், நுனாவுட்டில்தான் நன்றாக நடந்திருக்கிறது. சாலையே இல்லாத இடத்தில் இது எப்படி நடந்தது என்பதுதான் விஷயம்.

பனி எங்கே படுத்திருந்தது?

பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதி கிலோமீட்டர் கணக்கான தடிமனுள்ள பனிப்படலத்தின் அடியில் கிடந்தது. விதிவிலக்காக யூகானின் மேற்குப் பகுதி தப்பித்துக்கொண்டது. அங்கே குளிர் இருந்தது, ஆனால் பனி சேரும் அளவுக்கு ஈரம் இல்லை. அதனால் டாசன் நகரைச் சுற்றியுள்ள மலைகளைப் பனியாறுகள் சுரண்டவில்லை. பாறை நின்ற இடத்திலேயே மட்கி மண்ணாகி, லட்சக்கணக்கான ஆண்டுகள் அப்படியே இருந்தது. அதிலிருந்து உதிர்ந்த தங்கம் பக்கத்து ஓடைகளின் சரளைக்குள் இறங்கிச் சேர்ந்தது.

1896 ஆகஸ்டில் கீஷ் என்ற ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி, ஜார்ஜ் கார்மேக் ஆகியோர் முயல் ஓடை எனப்பட்ட இடத்தில் கண்டது இந்தச் சேமிப்பைத்தான். அந்த ஓடைக்கு உடனே பொனான்சா என்று பெயர் மாறியது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அந்த வட்டாரமான கிளாண்டைக்கை நோக்கிக் கிளம்பினார்கள், முப்பது நாற்பதாயிரம் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். இன்றுவரை அந்தச் சரளையிலிருந்து சுமார் 2 கோடி அவுன்ஸ் தங்கம் வந்திருக்கிறது. இவ்வளவையும் கொடுத்த தாய்ப்பாறை எங்கே? ஒரே பெரிய படிவமாக அது இதுவரை அகப்படவில்லை. சிறு சிறு குவார்ட்ஸ் ரேகைகள்தான் ஆங்காங்கே கிடைத்திருக்கின்றன. அவற்றின் மேல்பாகத்தைத்தான் காலம் கரைத்து ஓடைக்கு அனுப்பிவிட்டது என்றே தோன்றுகிறது.

பனி தொடாத நிலத்தில் தேடுபவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காலடி மண், காலடிப் பாறையிலிருந்தே வந்தது. மலைமுகட்டில் வரிசையாக நடந்து, கைத்துளைப்பானால் மண்ணை எடுத்து, தங்கமும், அதோடு சேர்ந்து வரும் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் எவ்வளவு என்று சோதித்தால் போதும். வரைபடத்தில் தானாக ஒரு கோடு தெரியும். டாசனில் காளான் பறித்து விற்றுக்கொண்டிருந்த ஷான் ரயன் இந்த வேலையைப் பிடிவாதமாகச் செய்தார். அவர் பிடித்துவைத்த நிலங்களிலிருந்துதான் ஒயிட் கோல்டு, காஃபி என்ற இரு கண்டுபிடிப்புகளும் வந்தன. முதலாவதை வைத்திருந்த சிறு கம்பெனியை 2010இல் கின்ராஸ் வாங்கியது. காஃபியை வைத்திருந்த கம்பெனியை 2016இல் கோல்டுகார்ப் சுமார் 52 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. வடக்கு நோக்கிய சரிவுகளில் மண் உறைந்து கிடக்கும், துளைப்பான் இறங்காது. காற்று கொண்டுவந்து போட்ட வண்டல் தூசு ஒரு போர்வை. அதற்கும் மேலே, ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வெள்ளைச் சாம்பல் பல இடங்களில் ஒரு படலமாகக் கிடக்கிறது. இவற்றைத் தாண்டி அடிமண்ணை எடுக்காதவர் எரிமலையைத்தான் சோதித்துக்கொண்டிருப்பார்.

நுனாவுட்டில் கதை தலைகீழ். அங்கே பனிப்படலத்தின் மையமே உட்கார்ந்திருந்தது. நொறுங்கிய பாறையை அரைத்து, இழுத்து, வேறெங்கோ கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. டில் என்று புவியியலாளர்கள் சொல்லும் இந்தக் கலவை மண்ணில் தங்கம் கிடைத்தால், அது எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தூரம் வந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பாறையில் பனி கீறிய கோடுகள்தான் வழிகாட்டி. ஆனால் ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கேயுள்ள கீவாட்டின் பகுதியில் பனி இரு பக்கமும் பிரிந்து நகர்ந்த முகடே காலப்போக்கில் இடம் மாறியதால், ஒரே பாறையில் இரண்டு மூன்று திசைகளில் கீறல் இருக்கும். அப்போது தங்கத் துகளின் வடிவத்தைப் பார்ப்பார்கள். முனைகள் மழுங்காமல் இருந்தால் மூலப்பாறை பக்கத்தில் இருக்கிறது. மடங்கி உருண்டிருந்தால் தூரம் அதிகம். நுண்ணோக்கியில் துகள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரிக்கும் இந்த வேலைக்குப் பொறுமையும் வேண்டும், பணமும் வேண்டும்.

பாறை சொல்லும் கதை

சரி, நுனாவுட்டில் தேடுபவருக்கு அனுகூலமே இல்லையா? உண்டு. அது இரும்பு.

மெடோபேங்க், மெலியடைன், முன்பு இயங்கிய லூபின், 2025இல் உற்பத்தி தொடங்கிய கூஸ் ஆகிய சுரங்கங்களில் தங்கத்தின் பெரும்பங்கு பட்டை இரும்புப்பாறையோடு சேர்ந்தே இருக்கிறது. இரும்புத்தாதும் சிலிக்காவும் அடுக்கடுக்காகப் படிந்த பழைய கடலடிப் பாறை அது. வயது 260, 270 கோடி ஆண்டுகள். அதில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத்தாது நிறைய இருப்பதால் விமானத்தில் காந்தமானியைக் கட்டிக்கொண்டு பறந்தால், டில் எவ்வளவு மூடியிருந்தாலும் பாறைப்பட்டை பளிச்சென்று தெரியும்.

தங்கம் ஏன் அங்கே போய் உட்கார்ந்தது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம். பூமியின் ஆழத்தில் 300 டிகிரி அளவில் கொதிக்கும் நீரில் தங்கம் தனியாகக் கரைவதில்லை, கந்தகத்தோடு கைகோத்துத்தான் பயணம் செய்கிறது. அந்த நீர் பிளவு வழியாக ஏறி இரும்புப்பாறையைத் தொட்டதும் இரும்பு கந்தகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. மேக்னடைட் இருந்த இடத்தில் பைரைட், பைரோடைட் என்ற இரும்பு-கந்தகத் தாதுக்கள் உண்டாகின்றன. துணையை இழந்த தங்கம் அங்கேயே இறங்கிவிடுகிறது. எனவே பாறை மடிந்து, உடைந்து, நீர் புகுந்த இடமாகப் பார்த்துத் துளையிட வேண்டும். மெலியடைனில் பைக் பிளவை ஒட்டியே படிவங்கள் வரிசையாக இருப்பது இதனால்தான்.

இந்தப் பாறைக் குடும்பம் தமிழர்களுக்கு அந்நியமில்லை. வட ஆர்க்காட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய கோலார் தங்கவயலும் இதே யுகத்துப் பசும்பாறைப் பட்டையில்தான் (பழைய எரிமலைப் பாறைகள் மாறி உண்டான தொகுதி) இருக்கிறது. அங்கே இரும்புப்பாறையைவிட ஆம்ஃபிபோலைட் என்ற கரும்பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் ரேகைகள்தான் முக்கியம். ஆனாலும் பிளவு வழியாக ஏறிய வெந்நீர் என்ற அடிப்படை ஒன்றே. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஒரு விஷயத்தை நிரூபித்தது: இந்த வகைப் படிவம் ஆழத்திலும் தொடரும். நுனாவுட்டில் முதலீடு செய்பவர் நம்பியிருப்பதும் அதைத்தான்.

யூகானின் பாறைகள் இவற்றோடு ஒப்பிட்டால் குழந்தைகள். மேயோ என்ற ஊருக்கு வடக்கே உள்ள ஈகிள் படிவம் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகி எழுந்த கிரானைட் வகைப் பாறையில் இருக்கிறது. அந்தப் பாறை குளிர்ந்தபோது ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மெல்லிய வெடிப்புகள் விழுந்தன, அவற்றில் குவார்ட்ஸும் தங்கமும் பிஸ்மத்தும் நிரம்பின. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் பக்கத்திலுள்ள ஃபோர்ட் நாக்ஸ் சுரங்கம் இதன் நேர் உறவு. டின்டினா பிளவு இவற்றுக்கு நடுவே சுமார் 430 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது. நகர்வைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் இரண்டு வட்டாரங்களும் அக்கம்பக்கம் வந்துவிடும்.

ஒரு பவுனுக்கு எத்தனை டன்?

ஈகிளின் சராசரித் தரம் ஒரு டன் பாறைக்குச் சுமார் 0.65 கிராம் தங்கம். மெலியடைனில் சுமார் 6 கிராம். பிரித்தெடுப்பில் போகும் நட்டத்தை விட்டுவிட்டாலும், 8 கிராம் பவுன் ஒன்றுக்கு ஈகிளில் 12 டன்னுக்கு மேல் பாறையை உடைக்க வேண்டும், மெலியடைனில் ஒன்றே கால் டன்னுக்குக் கொஞ்சம் அதிகம். இதைப் பார்த்துவிட்டு யூகானை ஒதுக்கிவிடக் கூடாது. குறைந்த தரத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. பாறையை உடைத்து மலைபோல் குவித்து, மேலிருந்து நீர்த்த சயனைடுக் கரைசலைச் சொட்டவிட்டு, அடியில் தங்கத்தோடு வடிவதைப் பிடிப்பது. குளிர்காலத்திலும் இது நடக்கும், ஃபோர்ட் நாக்ஸ் செய்து காட்டியிருக்கிறது. ஈகிளுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் சாலை இருந்தது, யூகான் மின்கட்டமைப்பிலிருந்து கரண்ட் வந்தது. 0.65 கிராம் தாங்கியதே இந்த இரண்டால்தான்.

நுனாவுட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. வெளியுலகத்திலிருந்து அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் சாலை ஒன்றுகூடக் கிடையாது. கோடையின் பிற்பகுதியில் கடல் திறந்திருக்கும் சில வாரங்களில் கப்பல் வர வேண்டும். டீசல், வெடிமருந்து, உதிரிபாகம் என்று ஒரு வருடத்துக்கானது மொத்தமும் அதில் இறங்க வேண்டும். மெடோபேங்க் சுரங்கத்துக்காக பேக்கர் லேக் ஊரிலிருந்து 110 கிலோமீட்டர் சாலையை அதை நடத்தும் அக்னிகோ ஈகிள் கம்பெனி தானே போட்டது. கூஸுக்கு பாதர்ஸ்ட் கழிமுகத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் பனிச்சாலையைக் குளிர்காலத்தில் போட்டு, அது உருகுமுன் எல்லாவற்றையும் ஏற்றிவிட வேண்டும். மின்சாரம் என்றால் டீசல் ஜெனரேட்டர்தான்.

தனிமை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2011 மார்ச்சில் மெடோபேங்கில் நடந்ததே போதும். சமையல்கூடம் தீப்பிடித்து எரிந்தது. பாறைக்கும் இயந்திரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனை பேருக்குச் சோறு போட வேறு இடம் இல்லாததால் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது, உற்பத்தியும் சரிந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் கம்பெனி அந்தச் சுரங்கத்தின் மதிப்பில் பெரும் தொகையை நட்டமாக எழுதியது. அப்புறம் 50 கிலோமீட்டர் தள்ளி அமாருக் படிவம் கிடைத்து, 2019 முதல் அதன் தாது பழைய ஆலைக்கே லாரியில் வந்ததால் மெடோபேங்க் பிழைத்தது. தரமான தாதும், ஏற்கெனவே போட்ட சாலையும் ஒன்றையொன்று காப்பாற்றின.

நுனாவுட்டிலேயே உள்ள ஹோப் பே சுரங்கம் இதற்கு எதிர்ச்சாட்சி. நல்ல தரம், கடலோரம் வேறு. நியூமான்ட் பெரும் விலை கொடுத்து வாங்கி 2012இல் கைகழுவியது; அடுத்து வந்த டிமாக் என்ற சிறு கம்பெனி 2017இல் உற்பத்தி தொடங்கித் திணறியது. சீனாவின் ஷாண்டாங் கோல்டு வாங்க முன்வந்தபோது 2020 டிசம்பரில் கனடிய அரசு தடுத்தது. 2021இல் அக்னிகோ எடுத்துக்கொண்டது. ஆக, பாறை நன்றாக இருந்தும் சிறிய பணப்பை அங்கே தாங்காது.

குவியல் சரிந்த நாள்

யூகானைப் பற்றிய என் தயக்கம் 2024 ஜூன் 24இல் உறுதிப்பட்டது. அன்று ஈகிளின் கரைப்புக் குவியல் சரிந்தது. சுமார் 40 லட்சம் டன் பாறை நகர்ந்தது, அதில் பாதியளவு தடுப்பையும் தாண்டி வெளியே போனது, கூடவே சயனைடு கலந்த நீரும். ஆகஸ்டில் ஈகிளை நடத்திய விக்டோரியா கோல்டு கம்பெனி நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போனது. அந்த நிலத்துக்குரிய நா-சோ நியாக் டுன் மக்கள் தங்கள் ஆற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலை. 1999இல் மவுண்ட் நான்சன் சுரங்கம் கைவிடப்பட்டதையும் யூகான் பார்த்திருக்கிறது. இருமுறையும் மிச்சமிருந்த துப்புரவுச் செலவு பொதுமக்கள் தலையில்தான் விழுந்தது.

இதற்குக் கிரானைட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தரம் 0.65 ஆக இருக்கும்போது லாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவே இடைவெளி மெல்லியது, ஒரே சுரங்கத்தை நம்பி நிற்கும் கம்பெனிக்கு ஒரு விபத்தைத் தாங்கும் சக்தி இருக்காது. நுனாவுட்டிலும் சிக்கல்கள் உண்டு. மெலியடைனில் நானூறு மீட்டருக்கு மேல் ஆழம்வரை உறைந்த நிலம்; அதைத் தாண்டிக் கீழே போனால் உப்புநீர் ஊறுகிறது, அதைக் கடலுக்குக் கொண்டுபோய்விட ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. கரிபூ மான்கள் கூட்டமாகக் கடக்கும் பருவத்தில் சாலைகளை மூடி வேலையை நிறுத்த வேண்டும். இவை செலவுதான், ஆனால் முன்கூட்டியே தெரிந்த செலவு.

யாரிடம் கேட்க வேண்டும்?

நுனாவுட்டில் கனடிய அரசோடு செய்த 1993 உடன்படிக்கைப்படி இனுயிட் மக்களுக்குச் சொந்தமான நிலத்தில், சுமார் 37,000 சதுர கிலோமீட்டருக்குக் கனிம உரிமையும் சேர்ந்தே அவர்களிடம் இருக்கிறது. சுரங்கம் வேண்டுமென்றால் வட்டார இனுயிட் சங்கத்தோடு வேலை, ஒப்பந்தம், பங்குத்தொகை பற்றிக் கையெழுத்திட வேண்டும். பேச்சு நீளும், ஆனால் யாரிடம் பேசுவது என்பதில் குழப்பமில்லை.

யூகானில் முதற்குடிகள் எனப்படும் 14 பழங்குடிச் சமூகங்களில் 11 பேர்தான் அரசோடு நில உரிமை பற்றிய இறுதி உடன்படிக்கை செய்திருக்கிறார்கள். அங்கே முளை அடித்தவருக்கே கனிமம் என்ற பழைய பழக்கம் கிளாண்டைக் காலத்திலிருந்து வருவது. ராஸ் ரிவர் டெனா மக்கள் தொடுத்த வழக்கில் 2012 டிசம்பரில் யூகான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் ஓட்டை போட்டது. கனிம உரிமையைப் பதிவு செய்யும் நிலையிலேயே அரசு அவர்களைக் கலந்தாக வேண்டும் என்றது. சுலபமாக நிலம் பிடிக்கலாம் என்ற யூகானின் கவர்ச்சி அன்றிலிருந்தே குறைந்து வருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆகவே சிறு குழுவும் கொஞ்சம் பணமும் உள்ளவர் யூகானுக்குப் போகலாம். மண்ணைச் சோதித்து, படிவத்தைக் காட்டி, பெரியவரிடம் விற்றுவிட்டு வெளியேறலாம். சுரங்கம் நடத்தவே நினைப்பவர், கையில் பல ஆண்டுப் பணமும் டன்னுக்கு ஐந்தாறு கிராமும் இருந்தால், நுனாவுட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். இந்தக் கணக்கைக் கலைக்கக்கூடிய ஒன்று இப்போது யூகானின் கிழக்கு மலைகளில் இருக்கிறது: ஸ்னோலைன் கோல்டு கம்பெனி 2021இல் துளையிட்டுக் கண்ட ‘வேலி’ (Valley) என்ற படிவம். ஈகிளின் வகைப் பாறையேதான், ஆனால் தரம் டன்னுக்கு ஒரு கிராமுக்கு மேல், அதுவும் மேற்பரப்பிலிருந்தே. ஆனால் அங்கேயும் சாலை கிடையாது. காஃபியும் டாசனிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழிக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறது. ‘வேலி’ படிவத்துக்குச் சாலை போடும் செலவை அந்த ஒரு கிராம் தாங்கும் என்று யாராவது காட்டினால், அன்றைக்கு மேற்கே பார்க்கலாம்.