ஸ்கேனர் ஓசி, சத்தத்துக்கு வாடகை: மூன்றரை வருஷம் ஒரு பேசும் பெட்டியோடு

பேராவூரணியில் பரோட்டாக் கடை போடப்போகிற சித்தப்பா மகன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தான்: "அண்ணே, பேசுற பெட்டி வாங்கலாமா? எந்தக் கம்பெனி நல்லாருக்கு?" வாடிக்கையாளர் போனில் அடிக்கிற பணம் கடைக்கு வந்ததும் தொகையைச் சத்தமாகச் சொல்லுமே, அந்தப் பெட்டி.

அவன் கேட்ட நேரம் சரியில்லை. ஒன்பது நாள் ஊமையாகக் கிடந்த என் பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி வந்து அன்றைக்குக் காலையில்தான் வாய் திறந்திருந்தது. அந்த ஒன்பது நாள் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அதோடுதான் எழுதுகிறேன், அதற்குத் தகுந்த மாதிரி படித்துக்கொள்ளுங்கள்.

அறந்தாங்கியில் டீக்கடை. 2022 ஆடியில் பெட்டி வைத்தோம். கம்பெனி பெயர் வேண்டாம். அந்தப் பெட்டியைப் பற்றி இதற்கு மேல் விளக்கப்போவதில்லை. ஊரில் பூக்காரம்மா கூடையில்கூட ஒன்று இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் திட்ட ஆரம்பித்தால் மறந்துபோகும்.

பெட்டி வருவதற்கு முன்னால் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மூன்று கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன், மூன்று கம்பெனிக்கு மூன்று. மழைக்காலத்தில் ஒன்று உரிந்து விழுந்தால், "அண்ணே, என் ஆப்புக்கு உள்ளதைக் காணோமே" என்று கேட்பார்கள். இப்போது ஒரே கியூஆர் அட்டை, எங்கள் வாயில் அது "ஸ்கேனர்". எந்த ஆப்பில் இருந்து அடித்தாலும், எந்த வங்கிக் கணக்காக இருந்தாலும் அதே அட்டையில் விழுகிறது. "ஜிபே இருக்கா?" என்று கேட்டுவிட்டு வேறு ஏதோ ஆப்பைத் திறப்பார்கள், நானும் "இருக்கு" என்பேன். இரண்டு பேரும் சொல்வது யுபிஐயைத்தான், எந்த வங்கியில் இருந்தும் எந்த வங்கிக்கும் போனிலேயே பணம் அனுப்புகிற பொது வழி.

இது தன்னால் நடக்கவில்லை. ஒருத்தன் வாடிக்கையாளரை இன்னொருத்தன் இழுக்கிற தொழிலில் இருக்கிறவர்களை ஒரே பாயில் உட்காரவைக்க யாராவது ஒருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல் என்பிசிஐ என்று ஒரு தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தை உண்டாக்கின. பத்து வங்கிகள் பங்கு போட்டன. 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளோடு யுபிஐயைத் தொடங்கிவைத்தவர் அப்போது ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த ரகுராம் ராஜன். அந்த டிசம்பர் கடைசியில் யுபிஐக்கென்று என்பிசிஐயின் பீம் ஆப் வந்தது. அப்புறம் ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் இன்னொரு காரியம் செய்தது: எந்தக் கம்பெனியும் தன் ஆப்பில் மட்டும் வேலை செய்கிற கியூஆரைப் புதிதாகக் கொண்டுவரக் கூடாது, இருப்பதையும் 2022 மார்ச் 31-க்குள் எல்லோருக்கும் பொதுவாக மாற்ற வேண்டும். என் சுவரில் மூன்று ஒன்றானதற்குப் பின்னால் இருப்பது இந்த உத்தரவு.

எங்கள் பஸ் ஸ்டாண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டுக்கோட்டை போகிற கவர்மென்ட் வண்டியும் அங்கேதான் நிற்கும், அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் கிளம்பிவிடத் துடிக்கிற பிரைவேட் வண்டியும் அங்கேதான் நிற்கும். அடிதடி டிரைவர்களுக்குள். நமக்கு நிற்க ஒரே இடம் போதும். பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு நுழைவுக் கட்டணமாவது உண்டு. இங்கே 2020 ஜனவரி 1 முதல் கடைக்காரனிடம் கமிஷனே வாங்கக் கூடாது என்று அரசு நிறுத்திவிட்டது. 12 ரூபாய் டீக்கு எனக்கு 12 ரூபாயும் வருகிறது. சில்லறைக்காகப் பக்கத்து மளிகைக் கடையில் போய் நிற்பது ஒழிந்தது. மீதிக்கு மிட்டாய் கொடுத்துத் திட்டு வாங்குவதும் போச்சு.

இதெல்லாம் அட்டையின் புகழ். பெட்டியின் புகழ் வேறு. அது அம்மா.

மத்தியானம் ஒன்றரையில் இருந்து நாலு வரை நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டு வருவேன், அந்த நேரம் கல்லாவில் அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. ரூபாய் நோட்டை நிறம் பார்த்தே சொல்லிவிடுவார், ஏமாற்ற முடியாது. ஆனால் போன் வந்ததும் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. எவனாவது பச்சை டிக்கைக் காட்டினால் தலையாட்டுவார். போனதா, வந்ததா, நேற்றையதா, தெரியாது. பெட்டி வந்த முதல் நாள், "இருபத்துநான்கு ரூபாய் பெறப்பட்டது" என்று அது தமிழில் சொன்னதும் அம்மா டம்ளர் கழுவுகிற பையனைப் பார்த்து, "யாருடா இவ, கணக்கப்பிள்ளை மாதிரி சொல்றா" என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம், மூன்றரை வருஷமாக அதை "கணக்கப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுகிறார். பாய்லர் பக்கம் திரும்பி நின்றாலும் காதில் விழும். ரெண்டு டீ ஒரு வடை சாப்பிட்டவன் 24 மட்டும் அடித்தால், "தம்பி, வடைக்கு?" என்று திரும்பாமலே கேட்பார். இதற்காகத்தான் பெட்டி. எனக்கு அது தேவையே இல்லை, என் போனே அந்த வேலையைச் செய்யும்.

இனிமேல் திட்டு.

போன மாதம் சார்ஜ் பின் போய்விட்டது. பாய்லர் ஆவி படுகிற இடத்தில் வைத்தது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆப்பில் புகார் போட்டேன். 48 மணி நேரம் என்று வந்தது. அஞ்சாம் நாள், "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, சேவைக்கு மதிப்பெண் தரவும்" என்று மெசேஜ். பெட்டி செத்துக் கிடக்கிறது, மார்க் கேட்கிறான். மறுபடி புகார். ஒன்பதாம் நாள் ஒரு பையன் வந்தான். பழையதைப் பைக்குள் போட்டுப் புதியதை எடுத்துவைத்தான். அந்தப் பைக்குள் எட்டிப் பார்த்தேன், ஏழெட்டுப் பெட்டி செத்துக் கிடந்தது. அவனைத் திட்ட மனசு வரவில்லை, ஒரு டீ கொடுத்தேன். சோதனைக்கு அவன் தன் போனில் இருந்து 20 ரூபாய் அடித்தான். பெட்டி இந்தியில், "பீஸ் ருப்பயே" என்றது. அம்மா பதறிப்போய், "அய்யய்யோ, வந்தவுடனேயே பீஸ் போயிருச்சாமே!" என்றார். பட்டனை அழுத்தித் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த ஒன்பது நாளில் நடந்தது ஒன்று. நாலாம் நாள் மத்தியானம் நாலு பையன்கள் நாலு டீ சாப்பிட்டுவிட்டு, ஒருத்தன் போனை நீட்டியிருக்கிறான். அம்மா தலையாட்டியிருக்கிறார். சாயந்திரம் நான் பார்த்தால் அந்த 48 ரூபாய் வரவே இல்லை. பணம் பெரிசில்லை. ஆனால் அடுத்த நாள் ஒன்றரை மணிக்கு அம்மா கல்லாவில் உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, அந்த ஸ்கேனர் அட்டையை எடுத்துக் குப்புறப் போட்டதுதான். நாலு மணிக்கு நான் வந்து திருப்பி நிறுத்துவேன். மிச்ச நாள் முழுக்க இப்படியே. கையில் ரொக்கம் இல்லாதவன் பக்கத்துக் கடைக்குப் போனான்.

மாதப் பிறப்பில் வாடகை எடுத்துக்கொண்டார்கள். 125 ரூபாய், ஜிஎஸ்டியோடு 147 ரூபாய் 50 பைசா. ஒன்பது நாளுக்குக் கழிவு இல்லை.

இந்த 147.50 என் தொண்டையில் சிக்கிய முள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கமிஷன் வாங்கக் கூடாது என்று சொன்ன அரசு, வங்கிகளுக்கும் ஆப் கம்பெனிகளுக்கும் அதை ஈடுகட்ட வருஷா வருஷம் ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2024-25 வருஷத்துக்கு 1,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். சிறு கடையில் 2,000 ரூபாய்க்குள் நடக்கிற ஒவ்வொரு யுபிஐ வரவுக்கும் 0.15 சதவீதம். கடைக்காரனின் வங்கி வாங்கி, மற்ற வங்கிக்கும் ஆப்புக்கும் பங்கு பிரிக்கும். என் ஒரு டீக்கு அது 1.8 பைசா. சிரிக்காதீர்கள், எனக்குப் போனில் வருவது நாளைக்குச் சுமார் 4,000 ரூபாய். மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அதில் 0.15 சதவீதம் 180 ரூபாய். அந்த வருஷ விகிதப்படி பார்த்தால் என் கடை பெயரில் 180 ரூபாய் அங்கே கணக்காகிறது, என் பாக்கெட்டில் இருந்து 147.50 இங்கே போகிறது. இரண்டும் என் டீயில் இருந்துதான்.

பெட்டிக்கும் உதவி இருந்திருக்கிறது. சின்ன ஊர்களில் பணம் வாங்கும் கருவிகளைப் பரப்ப 2021-ல் ரிசர்வ் வங்கி ஒரு நிதியைத் தொடங்கியது. ஆரம்பத்தில் 345 கோடி, அதில் 250 கோடி ரிசர்வ் வங்கி போட்டது, மீதி கார்டு கம்பெனிகள். 2023 டிசம்பரில் இந்தப் பேசும் பெட்டியையும் அதில் சேர்த்தார்கள். மானியம் போனது கடைக்காரனுக்கு இல்லை, கடைகளில் கருவியைக் கொண்டுவந்து வைக்கிற வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும். "தம்பி, இந்தப் பெட்டிக்கு அதுல ஏதாச்சும் வந்துச்சா?" என்று பை தூக்கி வந்த பையனைக் கேட்டேன். "அண்ணே, அதெல்லாம் மேல" என்று கையைக் கூரைக்குக் காட்டினான். கூரையில் எங்கள் ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் அந்த 2024-25 ஊக்கத்தொகை விதியில் இருந்தது. வங்கி கேட்கிற தொகையில் 80 சதவீதத்தை உடனே தருவார்கள். 10 சதவீதம், தொழில்நுட்பக் கோளாறால் பணம் போகாமல் நிற்பது 0.75 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான். இன்னொரு 10 சதவீதம், சர்வர் 99.5 சதவீத நேரம் உயிரோடு இருந்தால்தான். எவ்வளவு அழகான கிடுக்கிப்பிடி! அதே அளவுகோலை என் கல்லாவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். முப்பது நாளில் ஒன்பது நாள் செத்துக்கிடந்த பெட்டி உயிரோடு இருந்தது 70 சதவீதம். வாடகை மட்டும் 100 சதவீதம். வங்கியைப் பிடித்துவைக்க டெல்லி இருக்கிறது. பெட்டியைப் பிடித்துவைக்க நான் ஒருத்தன், ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. கமிஷன் கிடையாது, உள்ளே சிம் போட வேண்டும், பை தூக்குகிற பையனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வாடகையை விட்டால் அவர்களுக்கு வேறு வரவு என்ன? கடன்தான். மாதம் ஒரு தடவை போன் போட்டு, "சார், உங்களுக்கு எண்பதாயிரம் லோன் ரெடி, டெய்லி கலெக்‌ஷன்ல பிடிச்சுக்குவோம்" என்பார்கள். நான் ஏறவில்லை. பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் ஏறினார், இன்னும் இறங்கவில்லை.

நெட்வொர்க் விஷயத்தில் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடு முழுக்க யுபிஐ தடுமாறிய அன்று கடன் நோட்டை எடுத்தோம், பெட்டி என்ன செய்யும்? 2025 ஆகஸ்டில் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல் பணம் ஓடிய தண்டவாளம், எப்போதாவது நிற்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் தம்பிக்குச் சொல்லிவைக்கிறேன். போனில் வருவதெல்லாம் கணக்கில் நிற்கும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு வரி நோட்டீஸ் போனதும், பெங்களூரில் கடைக்காரர்கள் ஸ்கேனரை எடுத்துவிட்டு "காசு மட்டும்" என்று எழுதிப் போட்டதும் ஞாபகம் இருக்கும். சாப்பாட்டுக் கடைக்கு வருஷ வியாபாரம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. பரோட்டா நன்றாக ஓடினால் அந்தக் கோடு தூரத்தில் இல்லை. பில் புத்தகத்தை முதல் நாளே வாங்கிவிடு.

மூன்றரை வருஷம், 42 மாதம், 6,195 ரூபாய் வாடகை. பெட்டி இன்னும் என்னுடையது இல்லை.

ஆகவே என் முடிவு: வாங்காதே. அஞ்சுக்கு ரெண்டு மார்க், அந்த ரெண்டும் தமிழ் பேசுவதற்கு. வங்கியில் போய் ஸ்கேனர் அட்டை மட்டும் வாங்கு, ஆப்பில் சத்தத்தைக் கூட்டி வை, கல்லாவில் நீயே உட்கார். இதை அப்படியே போனில் அவனிடம் சொன்னேன். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, "சரிண்ணே, அவ்வளவு மோசம்னா உன் பெட்டிய எனக்குக் குடுத்துடேன், வாடகைய நான் கட்டிக்கிறேன்" என்றான்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா பக்கத்தில் பழைய சேலைத் துணியில் பெட்டிக்கு உறை தைத்துக்கொண்டிருந்தார், ஆவி படாமல் இருக்க. அவனுக்குப் பதில் அம்மாவே சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.