எழுதுவதற்குப் பணம் தருவதாகச் சொல்லி என் 1,850 யுஎஸ்டிடியை எடுத்துக்கொண்டார்கள்: கிரிப்டோ பற்றி எழுதுபவர்களுக்கு எச்சரிக்கை

கோபம் தணிந்த பிறகு எழுது என்று நண்பர்கள் சொன்னார்கள். தணிந்த பிறகு எழுதினால் பாதியை மென்று விழுங்கிவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கிரிப்டோ பற்றி எழுதுபவர்களையும் விளம்பரம் தேடும் டோக்கன் (கிரிப்டோ நாணயம்) திட்டங்களையும் இணைத்துவைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தளம், என்னிடமிருந்து 1,850 யுஎஸ்டிடியை (ஒன்று ஏறத்தாழ ஓர் அமெரிக்க டாலர் மதிப்புள்ள கிரிப்டோ நாணயம்) வாங்கிக்கொண்டு, செய்த வேலைக்கான கூலியையும் தராமல், கேள்வி கேட்ட என்னையே சந்தேகத்துக்குரிய கணக்கு என்று முத்திரை குத்தி வெளியேற்றியிருக்கிறது. தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன் என்பது ஒரு காரணம். இந்த மாதிரித் தளங்கள் வேறு பெயரில் திரும்பி வந்துவிடும் என்பது இன்னொரு காரணம். எப்படி வருவார்கள், எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்குத் தோன்றும் யோசனைகளையும் சொல்கிறேன்.

கிரிப்டோ வட்டத்தில் நாலு பேர் கவனிக்கும்படி எழுதுவது அப்படியொன்றும் கடினமில்லை. அந்தக் கவனம் பணமாக மாறுவதுதான் கடினம். வாலட் (கிரிப்டோவுக்கான மின்பணப்பை) பாதுகாப்பு, பரிவர்த்தனைக் கட்டணம், ஒப்பந்த அனுமதிகள் (நம் டோக்கனை எடுக்க ஒரு நிரலுக்கு நாம் கொடுக்கும் அனுமதி) என்று நான் விளக்கி எழுதுவதைப் பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள், பகிர்கிறார்கள். அதனால் என் வாலட்டில் எதுவும் ஏறுவதில்லை. நேர்மையான வழிகள் இல்லாமல் இல்லை. கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகளின் பரிந்துரைக் கமிஷன் இருக்கிறது, சில அறக்கட்டளைகள் கல்வி எழுத்துக்கு நிதி தருகின்றன, மொழிபெயர்ப்பு வேலை கிடைக்கிறது, விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதும் பதிவுக்குக் கட்டணம் வாங்கலாம். எல்லாமே மெதுவானவை, பேரம் பேசிப் பேசியே பாதி உயிர் போய்விடும். மற்ற தளங்களெல்லாம் தருவது வெறும் புள்ளிகள்தான். இன்றைக்குப் புள்ளி, நாளைக்கு டோக்கன், என்றைக்காவது பணம். அந்த ‘என்றைக்காவது’ வராமலே போவதற்கு மோசடிகூடத் தேவையில்லை. இணைய விவாதத் தளமான ரெடிட் 2020இல் தன் கிரிப்டோ குழுவில் எழுதுபவர்களுக்கு மூன் என்ற டோக்கனைத் தரத் தொடங்கியது. 2023 அக்டோபரில் அந்தத் திட்டத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தபோது, சில மணி நேரத்திலேயே அதன் மதிப்பில் பெரும்பகுதி காணாமல் போனது. ஆகவே, புள்ளி என்று பேசாமல் நேரடியாக யுஎஸ்டிடியில் கூலி தருகிறேன் என்று ஒருவர் வந்தால் எழுதுகிறவர்கள் காதுகொடுத்துக் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களும் அதை அறிந்துதான் வருகிறார்கள்.

என்னிடம் வந்தவர் தன்னைக் கேம்பெயின் மேனேஜர் (விளம்பரப் பிரசார மேலாளர்) என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். தினமும் டெலிகிராமில் வந்து விழும் ‘வணக்கம், சேர்ந்து பணியாற்றலாமா’ வகைச் செய்தி அல்ல அவருடையது. இஆர்சி-20 என்ற எத்தீரியம் வகை டோக்கன்களுக்கு வரம்பற்ற அனுமதி கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் எழுதியிருந்த நீண்ட தொடரிலிருந்து ஒரு வரியை அனுப்பியிருந்தார். தளத்திலிருந்து வாலட்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டாலும், கொடுத்த அனுமதி பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் அப்படியே இருக்கும், அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும் என்ற வரி அது. இதை ஏன் கடைசியில் கொண்டுபோய் வைத்தீர்கள், முதலிலேயே சொல்லியிருந்தால் படிப்பவர் அப்போதே போய் ரத்து செய்திருப்பாரே என்று கேட்டார். நல்ல யோசனை, தொடரைக் கடைசிவரை கவனமாகப் படித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய யோசனை. எழுதுகிற ஒருவரை வளைக்க இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் ஊருக்கெல்லாம் சொல்லிவரும் அபாய அறிகுறிகளில் ஒன்றுகூட அவரிடம் தென்படவில்லை. வாலட்டையே திறந்துவிடும் 12 மீட்புச் சொற்களைக் கேட்கவில்லை, எந்த இணைப்பையும் திறக்கச் சொல்லவில்லை, எதிலும் கையொப்பமிடச் சொல்லவில்லை. பணம் அனுப்ப, ட்ரான் என்ற பிளாக்செயினில் ஒரு முகவரியை மட்டும் கேட்டார்.

முதல் வேலை சிறியது. அதற்கான 120 யுஎஸ்டிடி, சொன்ன நாளுக்கு முன்னதாகவே வந்துவிட்டது. ட்ரான் பரிவர்த்தனைகளை எவரும் பார்க்கக்கூடிய ட்ரான்ஸ்கேன் தளத்தில் திறந்து பார்த்தால் பச்சை எழுத்தில் உறுதியானது என்று இருந்தது, அதன் கீழே என் முகவரி, எதிரே 120. ஒரு காசு குறையவில்லை. அனுப்பியவரின் முகவரியும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்ததாக மேல்நிலை எழுத்தாளர்கள் என்றொரு படிநிலையைப் பற்றிப் பேசினார். அதில் சேர்ந்தால் ஒரு கேம்பெயினுக்குக் கிடைப்பது பல மடங்கு, ஆனால் 1,500 யுஎஸ்டிடியைப் பிணைத்தொகையாக வைக்க வேண்டும், 30 நாளில் அது திரும்பிவிடும் என்றார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: எழுதுபவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டாம் நாளே பதிவை அழித்துவிடுகிறார்கள், விளம்பரதாரர்கள் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்றார். இது உண்மையிலேயே நடப்பதுதான். இந்த வட்டத்தில் இருக்கும் எவரையும் கேட்டுப்பாருங்கள். குரல் அழைப்பில் நான் தயங்கியபோது, ‘அவசரமே இல்லை, இந்தச் சுற்றில் வேண்டாமென்றால் அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம், இப்போதிருக்கும் நிலையிலேயே தொடருங்கள்’ என்றார். மோசடிக்காரர்கள் அவசரப்படுத்துவார்கள் என்றுதான் எல்லா எச்சரிக்கைகளும் சொல்கின்றன. இவர் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் 1,500 யுஎஸ்டிடி என் வாலட்டிலிருந்து போனது.

அதன் பிறகு அவர்களுடைய டாஷ்போர்டில் என் பெயருக்கு எதிரே தொகை ஏறிக்கொண்டே போனது. எழுத எழுத ஏறியது, பார்வைகள் கூடக் கூட ஏறியது. பிணைத்தொகைக்கான 30 நாள் முடிந்து, எல்லாவற்றையும் எடுக்கும் பொத்தானை அழுத்தியபோது ‘பரிசீலனையில்’ என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வார்த்தை தோன்றியது. அந்த மஞ்சள் பிறகு மாறவேயில்லை. என்னைப் பின்தொடர்பவர்கள் உண்மையான மனிதர்கள்தானா என்று மூன்றாம் தரப்பினர் தணிக்கை செய்ய வேண்டும், அதற்கு 350 யுஎஸ்டிடி, அதுவும் திரும்பக் கிடைக்கும் தொகைதான் என்றார்கள். 1,500 உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்போது 350 தனித் தொகையாகத் தெரியாது. பூட்டைத் திறக்கும் சாவிக்கான விலையாகத்தான் தெரியும். அந்த அளவைக் கணக்குப் பார்த்தே வைக்கிறார்கள். ஆக மொத்தம் 1,850.

அடுத்து வந்த பதில்களை வரிசையாகச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும், எனக்கு மட்டும் வரவில்லை. நெட்வொர்க்கில் நெரிசல் என்று முதலில் சொன்னார்கள். ஏறத்தாழ 3 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) உருவாகும் ட்ரானில் வாரக்கணக்காக நீடிக்கும் நெரிசல் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினால் ‘மதிப்புக்குரிய பங்களிப்பாளரே’ என்று தொடங்கும் அதே கடிதம், டிக்கெட் எண் மட்டும் புதிதாக, திரும்பத் திரும்ப வந்தது. மேனேஜர் நிதிக் குழுவைக் கைகாட்டினார், நிதிக் குழு மேனேஜரைக் கைகாட்டியது. பிறகு என் தர மதிப்பெண் குறைந்துவிட்டது என்றார்கள். கடைசியாக, டாஷ்போர்டில் உள்ள தொகைக்கு 20 சதவீதம் வரியை முன்கூட்டியே கட்டினால் அன்றைக்கே விடுவித்துவிடலாம் என்று வந்தது. அந்த வரியை உள்ளே இருக்கும் தொகையிலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று எழுதினேன். அது விதிகளுக்கு முரணானது என்று பதில் வந்தது. எந்த விதி என்று அவர்களுடைய டெலிகிராம் குழுவில் எல்லோர் முன்னும் கேட்டேன். அடுத்த நிமிடம் என்னால் அங்கே எதையும் எழுத முடியவில்லை. அன்று மாலைக்குள் மேனேஜருடன் பேசிய மொத்த உரையாடலும் என் பக்கத்திலிருந்தும் அழிந்துவிட்டது. டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இருவரிடமிருந்தும் உரையாடலை அழித்துவிட முடியும் என்பதை அறியாதவர்கள் அறிந்துகொள்ளுங்கள். சில ஸ்கிரீன்ஷாட்டுகளை முன்பே எடுத்திருந்ததால் புகாருடன் இணைக்க ஏதோ கொஞ்சமாவது இருந்தது.

அந்த முகவரி விஷயத்துக்கு வருகிறேன். நான் 1,500 அனுப்பிய முகவரியை ட்ரான்ஸ்கேனில் திறந்து, உள்ளே வந்தவை, வெளியே போனவை என்று பிரித்துப் பார்த்தேன். வந்தவை எல்லாம் 500, 1,500, 3,000 என்ற மூன்றே தொகைகள்; அவர்களுடைய மூன்று படிநிலைகளுக்கான பிணைத்தொகைகள் அவை. இடையிடையே 350ம் இருந்தது. போனவற்றில் பெரிய தொகைகள் ஓர் எக்ஸ்சேஞ்சை நோக்கிப் போயிருந்தன. சிறிய தொகைகள் இன்னொரு முகவரிக்குப் போய், அங்கிருந்து 80, 120 என்று பலருக்குப் பிரிந்திருந்தன. எனக்கு முதல் கூலியாக வந்த 120 அந்த முகவரியிலிருந்துதான் வந்தது. அதாவது என்னைப் போல எழுதும் வேறு யாரோ கட்டிய பிணைத்தொகையில் ஒரு துண்டுதான் எனக்குக் கூலியாக வந்திருக்கிறது. என்னுடைய 1,850இல் ஒரு துண்டு இந்நேரம் இன்னொருவரின் ‘முதல் வருமானம்’ ஆகியிருக்கும், அவரும் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்து நம்பியிருப்பார். விளம்பரதாரர் என்று ஒருவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

விளம்பரதாரர் இல்லையென்றால் எங்களை எதற்காக எழுதச் சொன்னார்கள் என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் இறுதியிலும் ‘நீங்களும் எழுதிச் சம்பாதிக்கலாம்’ என்ற வரியையும் என் பரிந்துரைக் குறியீட்டையும் சேர்ப்பது கட்டாயமாக இருந்தது. டோக்கனைப் பற்றி நாங்கள் எழுதியதெல்லாம் சும்மா. அந்தக் கடைசி வரிதான் சரக்கு. என் எழுத்தின் மேல் மற்றவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையை, எனக்குச் சம்பளம் கொடுப்பதாகச் சொல்லி, என் கையாலேயே அவர்களுக்கு விற்கவைத்தார்கள். 1,850 யுஎஸ்டிடியைவிட எனக்கு அதிகம் எரிவது இதுதான். என் குறியீட்டின் வழியே சேர்ந்தவர்களில் தொடர்புகொள்ள முடிந்த எல்லோருக்கும் தனித்தனியாக எழுதிவிட்டேன். அவர்களில் ஒருவர் பிணைத்தொகையைக் கட்டுவதற்கு முதல்நாள் என் செய்தியைப் பார்த்ததாகச் சொன்னார்.

இன்னொன்று, இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் தந்த வழிகாட்டுக் குறிப்பில், இது பணம் பெற்று எழுதிய பதிவு என்று எங்கும் குறிப்பிடக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. நான் குறிப்பிட்டுத்தான் எழுதினேன், அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். எத்தீரியம்மேக்ஸ் என்ற டோக்கனைப் பற்றிப் பதிவிடத் தான் வாங்கிய 2,50,000 டாலரை வெளிப்படுத்தாததற்காக அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 2022 அக்டோபரில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்கு 12.6 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ தளம் தன் கடன் திட்டத்தை இழுத்து மூடியது. அதை வீடியோக்களில் ஊக்குவித்தவர்கள் மீது அதே ஆணையம் 2021இல் வழக்குத் தொடர்ந்தது. திட்டம் நடத்துபவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு ஓடிவிடுவார்கள். சொந்தப் பெயரிலும் முகத்திலும் எழுதுகிறவர்களால் ஓட முடியாது. விளம்பரம் என்பதை மறைக்கச் சொல்லும் இடத்தில் எவ்வளவு கூலி கொடுத்தாலும் எழுதாதீர்கள்.

யோசனைகள் சொல்வதாகச் சொன்னேன். விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. எழுதுவதற்காக நீங்கள் பணம் கட்ட வேண்டியிருந்தால், அதற்குப் பிணைத்தொகை, ஸ்டேக், தணிக்கை, வரி என்று எந்தப் பெயர் வைத்தாலும் விட்டு விலகுங்கள். பாதிக் கட்டணத்தை முன்பணமாகத் தராத யாருக்கும் எழுதாதீர்கள். முதல் கூலி வந்தவுடன், வந்த தொகையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அனுப்பிய முகவரிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு படி பின்னால் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. டாஷ்போர்டில் தெரியும் எண்ணை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். உரையாடலை அன்றன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். பணம் போய்விட்டால், பரிவர்த்தனை எண்ணோடு அன்றைக்கே சைபர் குற்றப் பிரிவுக்கும், பணம் போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்சுக்கும் எழுதுங்கள். அனுப்பிய பரிவர்த்தனையை யாராலும் திருப்ப முடியாது, ஆனால் பணம் இன்னும் எக்ஸ்சேஞ்சில் இருந்தால் அந்தக் கணக்கை முடக்க அவர்களால் முடியும். காவல்துறை கேட்டுக்கொண்டால் யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனமும் அதை வைத்திருக்கும் முகவரியை முடக்குவதுண்டு. நாள் தள்ளிப்போனால் இதுவும் நடக்காது.

இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம் என்று வருபவர்களை அப்படியே தடுத்துவிடுங்கள், அவர்கள் இதே கூட்டத்தின் அடுத்த கடை. நான் குழுவில் கேள்வி கேட்ட மறுநாளே எனக்கு ஒருவர் எழுதினார். நான் எவ்வளவு இழந்தேன் என்று எங்கும் சொல்லியிருக்கவில்லை. அவர் சரியாக 1,850 என்று சொன்னார். மீட்டுத் தருவதற்குப் பத்து சதவீதம், 185 யுஎஸ்டிடி, முன்பணமாக ட்ரான் முகவரிக்கு அனுப்ப வேண்டுமாம்.