தேசியத் தலைவரா, பொருளாளரா? சொரோரிட்டி தேர்தலில் நிற்க நினைக்கும் பெண்களுக்கு

அமெரிக்கக் கல்லூரி மாணவியர் சேரும் சகோதரிச் சங்கங்களான சொரோரிட்டிகளைப் பற்றி நம்மவர்களில் பலர் முதலில் கேள்விப்பட்டது கமலா ஹாரிஸ் மூலமாகத்தான் இருக்கும். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், 1986இல், ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர் அவர். தெற்காசியப் பெண்கள் தொடங்கிய சொரோரிட்டிகளும் உண்டு. ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ, மூன்றும் 1998இல் தொடங்கியவை. படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் உறவு தொடரும்; அன்று சேர்ந்தவர்கள் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார்கள். அதனால் தேசிய நிர்வாகக் குழுவுக்கு யார் நிற்பது என்ற பேச்சு வரும்போது நம் வீட்டுப் பெண்களின் பெயரும் அடிபடுகிறது.

நான் அப்படி ஒரு சொரோரிட்டியில் நின்றபோது தலைவர், பொருளாளர் இரண்டு பதவிக்கும் தேர்தல் நடந்தது. பொருளாளருக்கு மனு போட்டு, ஜெயித்து, இரண்டாண்டு பதவிக்காலத்தை முடித்தேன். இன்று யாராவது கேட்டாலும் பொருளாளருக்கு நில்லுங்கள் என்றுதான் சொல்வேன்.

மதிப்பு, மேடை, படங்களில் முன்வரிசை எல்லாம் தலைவருக்குத்தான். ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ள இரண்டுமே நல்ல பதவிகள். எங்கள் அளவிலான அமைப்புகளில் இரண்டுக்கும் சம்பளம் கிடையாது.

தேர்தலிலேயே ஒரு வித்தியாசம் தெரியும். வேட்பாளர்களைப் பரிசீலிக்கும் குழுவின் நேர்காணலில் தலைவர் பதவிக்கு வருபவரிடம் பத்தாண்டுக் கனவைக் கேட்பார்கள். பிறகு டெக்சாஸ்காரர், நியூயார்க்காரர் என்று பல்கலைக்கழகக் கிளைகள் அணி பிரியும். பொருளாளர் பதவிக்குப் போட்டியே குறைவு. கடைசி மூன்று வருடக் கணக்கைப் படித்துவிட்டு, எங்கே பணம் கசிகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். குழு அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. இந்தப் பதவிகளுக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த நேரம் எப்போது கேட்கப்படும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலை, குழந்தைகள், ஊரில் வயதான பெற்றோர் என்று இருக்கிற பெண்ணுக்கு இது ரொம்ப முக்கியம்.

பொருளாளரின் வேலை காலண்டரில் இருக்கிறது. நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது என்றால் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் தர வேண்டிய கணக்கான 990 படிவத்துக்குக் கெடு நவம்பர் 15. தேவைப்பட்டால் ஆறு மாதம் கூடுதலாகக் கேட்கலாம். காப்பீடு புதுப்பிக்கும் மாதம், சந்தா வசூலாகும் மாதம் எல்லாம் முன்கூட்டியே தெரியும். தலைவலி என்றால் கிளைகள்தான். ஆண்டு வரவு 50,000 டாலருக்கு மேல் போகாத கிளை 990-என் என்ற சின்னப் படிவத்தை இணையத்தில் நிரப்பினால் போதும், கட்டணமும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டுப்போனால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும். கிளைப் பொருளாளராக இருக்கும் மாணவி வருடா வருடம் மாறுவாள். பட்டம் வாங்கிக்கொண்டு போகும்போது பாஸ்வேர்டும் அவளோடு போய்விடும். அக்டோபர் முழுக்க நான் செய்தது முன்னாள் மாணவியரைத் தேடிப்பிடித்து, “அம்மா, அந்த லாகின் எந்த ஈமெயிலில் இருக்கிறது?” என்று கேட்டதுதான். அலுப்பான வேலை. ஆனாலும் குழந்தைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்யலாம்.

தலைவரின் வேலைக்குக் காலண்டர் கிடையாது. புது உறுப்பினர் சேரும் பருவத்தில் ஏதோ ஒரு கிளையில் ராகிங் புகார் வரும், அதுவும் சனிக்கிழமை இரவு பார்த்து வரும். பல்கலைக்கழகம் கிளையை நிறுத்திவைக்கும். பெற்றோர் பேச வேண்டும் என்பார்கள், வக்கீலைப் பிடிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். 2024 டிசம்பரில் ராகிங் தடுப்புக்கான கூட்டரசுச் சட்டம் கையெழுத்தான பிறகு, தவறு உறுதியான மாணவர் அமைப்புகளின் பெயரைப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்டாக வேண்டும் என்றாகிவிட்டது. எனவே எந்தப் புகாரையும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள முடியாது. எங்கள் தலைவர் ஒரு நவராத்திரிக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார். சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலில் கார் பக்கத்தில் நின்று போன் பேசினார். எல்லோரும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் அந்த அழைப்பு முடியவில்லை. அவருக்கு இந்த அமைப்பின் மேல் இருந்த பாசத்துக்கு ஈடு இல்லை. அந்த உழைப்பை என்னால் தர முடிந்திருக்காது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். 990 முழுப் படிவத்தின் ஏழாம் பகுதியில் ஒவ்வொரு நிர்வாகியும் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எவ்வளவு வாங்கினார் என்று போட்டிருக்கும். அது பொது ஆவணம். உங்கள் அமைப்பு தாக்கல் செய்ததை எடுத்து, தலைவர் வரியையும் பொருளாளர் வரியையும் பாருங்கள்.

பொருளாளரால் எதையும் மாற்ற முடியாது என்பார்கள். புது உறுப்பினர் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்ற மாற்றம் பொருளாளர் மேசையிலிருந்துதான் போனது. பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் பெண்கள் அதற்குப் பிறகு தயங்காமல் சேர்ந்தார்கள். என் பதவிக்காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனால் தப்பு செய்யும் கிளையை மூடுவதோ, புதிய ஊரில் கிளை தொடங்குவதோ உங்கள் ஆசை என்றால், அதை முன்நின்று நடத்துவது தலைவர்தான்.

நான் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவள் இல்லை, பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். தலைமையகமும் சம்பள ஊழியர்களும் உள்ள பெரிய சொரோரிட்டிகளில் முதல் போன் ஊழியருக்குத்தான் போகும், அங்கே கணக்கு மாறலாம். ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் தலைவர் பதவிக்காலமே நான்கு ஆண்டு. பொதுவாக முதல் துணைத் தலைவராக இருந்தவரே அடுத்துத் தலைவராகிறார். அங்கே இது ஒரு தேர்தலுக்கு முன் உட்கார்ந்து யோசிக்கிற விஷயம் இல்லை, பல வருடத் திட்டம். அப்புறம், மருத்துவராகவோ வக்கீலாகவோ இருந்து நள்ளிரவு அழைப்புகளுக்குப் பழகியவர்கள் தாராளமாகத் தலைவருக்கே நிற்கலாம்.

பொருளாளர் என்று முடிவு செய்தால், மனு போடும் முன் இப்போதைய பொருளாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: வங்கிக் கணக்கில் இன்று கையெழுத்துப் போடும் உரிமை யார் யாருக்கு, ஒவ்வொரு கிளையின் வரி எண்ணும் கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டும், காப்பீட்டுப் பத்திரத்தின் நகல். ஒரு வாரத்தில் வந்தால் சரி. இழுத்தடித்தாலும் நில்லுங்கள், ஆனால் வெளி ஆடிட்டர் ஒருவர் கணக்கைப் பார்த்த பிறகே பொறுப்பை வாங்கிக்கொள்வேன் என்று நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள்.