தொண்ணூறு வயதில் குற்றவாளிக் கூண்டா?

நாஜி முகாம்களில் வேலை பார்த்தவர்களை இத்தனை காலம் கழித்து வழக்குக்கு இழுப்பதா, வரலாற்றில் எழுதி வைத்துவிட்டு விட்டுவிடுவதா? பலர் மனசு இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

சட்டம்
வழக்கு: கொலைக்கு வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பை மேற்கு ஜெர்மனி 1979-இல் நீக்கியது. கதவு திறந்தேதான் இருக்கிறது.
விடுவது: நாற்பது வருடம் ஒளிந்திருந்தால் போதும் என்றாகிவிடும்.

தண்டனை
வழக்கு: பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி முகாமில் வேலை பார்த்த ஆஸ்கர் குரோனிங்குக்கு 2015-இல், 94 வயதில், நான்கு ஆண்டுச் சிறை. உள்ளே போகுமுன்பே 2018-இல் இறந்துவிட்டார்.
விடுவது: தண்டனையே இல்லை.

உண்மை
வழக்கு: என்னை வழக்கின் பக்கம் சாய்ப்பது இதுதான். குரோனிங் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்களின் பணத்தை எண்ணிக் கணக்கு வைத்தவர். அந்த முகாமில் உயிர்பிழைத்த ஈவா கோர் அதே நீதிமன்றத்துக்கு வந்து, சாட்சி சொல்லி, அவர் கையைப் பிடித்து மன்னித்தார். மற்ற வாதிகள் பலர் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை. அவர்கள் கோபமும் நியாயமானதே. இரண்டையும் சொல்ல ஓர் இடம் கிடைத்ததே, அதுதான் பெரிசு.
விடுவது: ஆவணங்கள் பேசும். ஆனால் குற்றவாளியை யாரும் நேருக்கு நேர் பார்த்துக் கேட்க முடியாது.

உடல்நிலை
வழக்கு: ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் விசாரணை, இடையில் இறப்பும் நேரலாம்.
விடுவது: இந்தச் சிக்கல் இல்லை.

சரி, எது எப்போது? புத்தி தெளிவாக இருந்து, பாதிக்கப்பட்டவர்கள் இன்னும் உயிரோடு காத்திருந்தால், வழக்குதான். நினைவே போய்விட்டவரிடம் விசாரணைக்கு அர்த்தமில்லை. அங்கே பெயரோடும் செயலோடும் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும்.